மைக் நன்றாக வேலை செய்கிறது

1

போன மாதம் தொடர்ந்து மூன்று வெள்ளிக்கிழமைகள் வீட்டிலிருந்து எனக்கு அழைப்பு வரவில்லை. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. பெரிய சண்டை என்றும் சொல்ல முடியாது. கீரமங்கலத்தில் என் மகளின் மேசைமேல் இருக்கும் லேப்டாப் எந்தக் கோளாறும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

நான் குவைத்துக்கு வந்து ஏழு வருடம் ஆகப்போகிறது. தண்ணீர் பம்பும் குழாயும் வால்வும் விற்கிற ஒரு கம்பெனியின் குடோனில் ஸ்டோர் கீப்பர் வேலை. ஜிலீப் பக்கம் ஓர் அறையில் நாலு பேர் தங்கியிருக்கிறோம். வெள்ளிக்கிழமை விடுமுறை. காலையில் துணி துவைப்போம், மதியம் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவோம். அதற்குப் பிறகு ஆளுக்கு ஒரு மூலையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவோம். குவைத்தில் இரண்டரை மணி என்றால் ஊரில் ஐந்து மணி. அந்த நேரத்தில் என் போன் அடிக்கும். "அப்பா, மைக்கு போச்சு" என்று அபிநயா சொல்வாள். அடுத்த அரை மணி நேரத்துக்காகத்தான் நான் மற்ற ஆறு நாளும் குடோனில் வால்வு எண்ணிக்கொண்டிருப்பேன்.

அது நின்றுபோனது. நின்றதற்குக் காரணம் நான்தான். எங்கள் ஊர் ஆட்கள் படிக்கிற பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன். இப்போது தெரிந்திருக்கிறது. எழுதக் கூச்சமாகவும் இருக்கிறது.

2

நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். குவைத்துக்கு வருவதற்கு முன்னால் கீரமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருந்தேன். போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் கொண்டுவருவார்கள். பழைய செம்புக் கம்பியை உருவிவிட்டுப் புதுக்கம்பி சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். கஜா புயலில் எங்கள் பக்கத்துத் தென்னந்தோப்புகள் படுத்த பிறகு, தண்ணீர் பாய்ச்ச மரமும் இல்லை, எரிய மோட்டாரும் இல்லை. அப்படித்தான் விமானம் ஏறினேன்.

இங்கே வந்த இரண்டாம் வருடம், கம்பெனியின் கணக்கு அறையைக் காலி செய்தபோது ஒரு பழைய லேப்டாப்பைக் குப்பைக்குப் போட வைத்திருந்தார்கள். கேட்டு வாங்கிக்கொண்டேன். அதைத் திறந்தால் திரை வருவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். யூடியூபில் ஒரு தமிழ்ப் பையன் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸைப் பென்டிரைவில் இறக்கி அதில் போட்டேன். மூன்று தடவை தப்பாகப் போட்டு நாலாவது தடவை வந்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை அறையில் யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சொன்னால் என்ன என்று கேட்பார்கள், விளக்க வேண்டும்.

லினக்ஸ் ஏன் நல்லது என்று பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். விலை கிடையாது, வைரஸ் வராது, பழைய கணினியில்கூட ஓடும் என்பார்கள். எனக்குப் பிடித்ததற்குக் காரணம் வேறு. யாரிடமும் வாய்விட்டு ஒன்றைக் கேட்காமலே அதைக் கற்றுக்கொள்ள முடிகிறது. எனக்கு அரபி அரைகுறை. ஹிந்தி பேச ஆரம்பித்தால் நடுவில் மலையாளம் வந்து விழும். கடையில் ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்பட்டு, இரண்டு சுற்று சுற்றிவிட்டு வெளியே வந்த ஆள் நான். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்கிறபோது தப்பாக அடித்தால் அது சிரிப்பதில்லை. எந்த வரியில் தப்பு என்று மட்டும் சொல்கிறது.

நமக்கு வந்த கோளாறு உலகத்தில் வேறு யாருக்காவது ஏற்கெனவே வந்திருக்கும். இணையத்தில் கேள்வியாகப் போட்டிருப்பார்கள். நான் ஒருநாளும் கேள்வி போட்டதில்லை, படிப்பதோடு சரி. சில இடங்களில், என் கோளாறையே ஒருவர் அப்படியே எழுதியிருப்பார், கீழே ஒரு பதிலும் இருக்காது. பல வருடத்துக்கு முந்தைய கேள்வியாக இருக்கும். அதைவிட மோசம், அவரே இரண்டு நாள் கழித்து வந்து 'சரியாகிவிட்டது, நன்றி' என்று எழுதிவிட்டு, எப்படிச் சரியானது என்று சொல்லாமல் போயிருப்பது. அந்த மாதிரி ஆட்கள்மேல் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

அதனால் நான் எது செய்தாலும் குறித்துவைப்பேன். என்ன கோளாறு, என்ன செய்தேன், எத்தனை நாள் தாங்கியது என்று எல்லாம் தமிழில் எழுதிவைப்பேன். அமைப்புக் கோப்புகளுக்குள்ளேயே எழுத ஒரு வழி இருக்கிறது. ஒரு வரியின் முன்னால் ஹேஷ் (#) குறி போட்டுவிட்டால் கணினி அந்த வரியைப் படிக்காது, தாண்டிப் போய்விடும். மனிதர்கள் படிப்பதற்காக மட்டும் அது அங்கே இருக்கும். வேலை செய்கிற ஒரு வரியை அழிக்காமல் நிறுத்திவைக்க வேண்டும் என்றாலும் முன்னால் ஒரு ஹேஷ் போட்டால் போதும்.

இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

என் முதல் லீவில் ஊருக்குப் போனபோது அந்த லேப்டாப்பை அபிநயாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது அவள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் கணிதம், கடைசி வருடம். நான் கிளம்பி வந்தபோது என் தோளுக்குக் கீழே இருந்தவள், அந்த லீவில் வாசலில் வந்து நின்றபோது என் உயரம் இருந்தாள். "வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு என் பையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எனக்கும் அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. "லேப்டாப் கொண்டாந்திருக்கேன், பாரு" என்றேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்றால் அந்த லேப்டாப்பைப் பற்றித்தான். பிரிண்டர் ஓடவில்லை என்பாள். தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத் தெரிகிறது என்பாள். நான் இங்கே பிறகு வாங்கிய இன்னொரு பழைய லேப்டாப்பில் அவள் திரையைத் திறந்து சரிசெய்துகொடுப்பேன். அவள் ஓர் எண்ணைச் சொல்வாள், நான் அதை அடிப்பேன், எங்கள் வீட்டு மேசை என் கட்டிலுக்கு வந்துவிடும். திரையின் ஓரத்தில் ஊர் நேரம் ஓடும். பேட்டரி எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். பின்னணிப் படத்தை அவள் மாற்றியிருந்தால் கவனிப்பேன், ஆனால் கேட்கமாட்டேன்.

எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்துவிட்டேன். மிச்சம் இருந்தது மைக் மட்டும். கணினியை அணைத்துப் போடும்போதெல்லாம் அது மைக்கைத் தவறாக வேறொரு வகை என்று எடுத்துக்கொண்டு, சத்தத்தைப் பூஜ்யத்தில் வைத்துவிடும். அபிநயாவுக்கு சனிக்கிழமை ஆன்லைனில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு இருந்தது. அதனால் வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிடுவாள். நான் போய்க் கறுப்புத் திரையில் கட்டளை அடித்துச் சத்தத்தை ஏற்றிவைப்பேன்; அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை. "மூடி மட்டும் வையி, ஆஃப் பண்ணிராத" என்று சொல்வேன்.

ஏற்றிவைத்தால் போதாது, சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பதற்கு அவள் பேச வேண்டும்.

"இப்பப் பேசு."

"ஒன்னு, ரெண்டு, மூணு, நாலு."

"எண்ணாத. எண்ணுனா எல்லாம் ஒரே சத்தமா வருது. லெவல் தெரியல. சும்மா பேசு."

"என்னத்தப்பா பேச?"

"எதயாச்சும். காலேசு போனியா?"

"போனேன். திருவரங்குளத்துல பஸ்சு பஞ்சரு. எல்லாத்தையும் எறக்கி விட்டுட்டாங்க. அந்தக் கண்டக்டர் இருக்காருல்ல, சோடாப்புட்டிக் கண்ணாடி, அவரு அடுத்த பஸ்சுக்கு டிக்கெட் வாங்கிக்கங்கன்னுட்டாரு. ஒரு அம்மா புடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாங்க."

"ம். இன்னும் கொஞ்சம்."

"அந்த அம்மா மடியில ரெண்டு கோழி. கோழியும் சேர்ந்து கத்துது. போதுமா?"

திரையில் பச்சைக் கோடு அவள் குரலுக்கு ஏறி இறங்கும். கோழி என்று சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள், கோடு சிவப்புக்குப் போய் வந்தது. எண்ணினால் லெவல் தெரியாது என்று நான் சொன்னது முழுப் பொய் இல்லை. முக்கால் பொய்.

அவள் பேசும்போது பின்னால் வீடு கேட்கும். மிக்ஸி ஓடும், பூ ஏலத்துக்குப் போகிற டெம்போவின் ஹார்ன் கேட்கும். லினக்ஸின் சின்னம் பெங்குயின் என்று தெரிந்துவைத்திருக்கிற என் மனைவி மல்லிகா அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள்.

"என்னங்க, ஒங்க பெங்குயினுக்கு இந்த வாரமும் தொண்ட கட்டிக்கிச்சா?"

"ஆமா."

"எல்லாரு வீட்டுலயும் பொட்டி நல்லாத்தான் பேசுது. நம்ம வீட்டுல ஆம்பளயும் பேசறதில்ல, பொட்டியும் பேசறதில்ல."

அபிநயா சிரிப்பாள். நானும் இங்கே சிரிப்பேன். நான் பேசாதபோது என் பக்கத்து மைக்கை அணைத்துவைப்பேன் என்பதால் அது அவர்களுக்குக் கேட்காது.

4

போன லீவில் ஊருக்குப் போனபோது அந்த மைக்குக்கு நிரந்தர வழி கிடைத்துவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் இணையத்தில் விவரமாக எழுதியிருந்தார். ஒலிக்கான அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி. போட்டேன், கணினியை அணைத்துப் போட்டேன், மைக் உயிரோடு இருந்தது. மூன்று நாள் அணைத்து அணைத்துப் போட்டுப் பார்த்தேன். கோளாறு திரும்பவில்லை. வழக்கப்படி அந்த வரிக்கு மேலே குறிப்பும் எழுதினேன். 'மைக் கோளாறுக்கு நிரந்தரத் தீர்வு. மூன்று நாள் சோதித்தாயிற்று.'

திருச்சியில் விமானம் ஏற வேண்டிய நாள் காலையில் அபிநயா கல்லூரிக்குப் போய்விட்டாள். லேப்டாப் மேசைமேல் இருந்தது. கடைசியாக ஒருமுறை அப்டேட் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் திறந்தேன். அந்தக் கோப்பைத் திறந்தேன். அந்த வரியின் முன்னால் ஒரு ஹேஷ் போட்டு, சேமித்து, மூடினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குப் போன் அடித்தது. "அப்பா, மைக்கு போச்சு."

காயில் கட்டுகிற தொழிலில் ஒரு திருட்டுத்தனம் உண்டு. கம்பியில் கொஞ்சம் குறைத்துச் சுற்றினால், அல்லது வார்னிஷ் சரியாகக் காயாமல் கொடுத்தால், மோட்டார் ஒரு வெயில் காலம் ஓடிவிட்டுத் திரும்பக் கடைக்கே வரும். அப்படிச் செய்கிறவர்களை எனக்குத் தெரியும். என் கடையில் நான் ஒருநாளும் செய்ததில்லை. நான் கட்டிய மோட்டார்கள் இன்னும் அன்னவாசல் பக்கம்கூட ஓடுகின்றன என்று சொல்வார்கள். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கடைக்கு வந்த யாருக்கும் செய்யாததை என் மகளுக்குச் செய்தேன்.

அந்தச் சமயத்தில் இதை ஒரு தப்பாகவே நினைக்கவில்லை. யாருக்கு என்ன நஷ்டம், வாரம் அரை மணி நேரம்தானே என்று நினைத்தேன்.

5

இந்த வருடத் தொடக்கத்தில் அபிநயாவுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு எழுத்துத் தேர்வு வைத்தார்கள், தேறிவிட்டாள். அடுத்தது ஆன்லைனில் நேர்முகத் தேர்வு. அவள் வகுப்பில் மூன்று பேருக்குத்தான் அந்த அழைப்பு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. அந்த வேலையை அவள் எவ்வளவு நம்பியிருந்தாள் என்று மல்லிகா சொல்லித்தான் எனக்குத் தெரியும். புது சுடிதார் தைத்திருக்கிறாள், கேமராவில் தெரியும் என்று சுவர்க் காலண்டரைக் கழற்றிவிட்டாள் என்றாள்.

திங்கட்கிழமை மாலை அபிநயா தானே கூப்பிட்டாள். வெள்ளிக்கிழமை இல்லாத நாளில் அவள் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"அப்பா, நாளைக்கு இன்டர்வியூ. மைக்க ஒரு தடவ பாத்துருங்கப்பா. கேமரா, நெட்டு எல்லாம் நான் பாத்துட்டேன்."

வேலை முடிந்து அறைக்கு வரும் பஸ்ஸில் இருந்தேன். வந்ததும் கைகால்கூடக் கழுவாமல் அவள் திரையைத் திறந்தேன். அவள் தண்ணீர் குடிக்க எழுந்துபோன நேரத்தில் அந்தக் கோப்பையும் திறந்தேன். ஹேஷுக்குப் பக்கத்தில் கர்சர் நின்று மின்னிக்கொண்டிருந்தது. ஒரு பொத்தானைத் தட்டினால் போதும்.

முக்கியமான நாளுக்கு முந்தின நாள் எதையும் மாற்றக் கூடாது என்பது நான் எல்லாருக்கும் சொல்கிற அறிவுரை. பரீட்சைக்கு முந்தின நாள் அப்டேட் போடாதே, ஊருக்குக் கிளம்புகிற அன்று புதுச் செருப்பு போடாதே. அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். நல்ல சாக்கு. கோப்பை மூடிவிட்டு, வழக்கம்போலச் சத்தத்தை மட்டும் ஏற்றிவைத்தேன். அவள் ஆங்கிலத்தில் தன்னைப் பற்றிச் சொல்லிப் பார்த்தாள். "மை ஃபாதர் ஈஸ் எ ஸ்டோர் கீப்பர் இன் குவைத்" என்றாள். பச்சைக் கோடு நடுவில் நின்று ஆடியது.

"மூடி மட்டும் வையி. ஆஃப் பண்ணிராத."

"சரிப்பா."

மறுநாள் காலை எட்டு மணிக்கு எங்கள் ஊரில் மின்சாரம் போயிருக்கிறது. லேப்டாப் பேட்டரி பழசு, அரை மணிக்கு மேல் தாங்காது. பத்தே கால் ஆனபோது மின்சாரம் வந்தது, அவள் போட்டாள், எல்லாம் வந்தது. பத்தரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் திரையில் வந்து வணக்கம் சொன்னார். இவள் பேசினாள். அவருக்குக் கேட்கவில்லை.

என்னை ஒன்பது தடவை கூப்பிட்டிருக்கிறாள். குடோனில் அன்றைக்கு இருப்பு எடுக்கிற நாள். போன்களை மேலாளர் அறையில் வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். நான் ஏணிமேல் நின்று இரண்டு அங்குல வால்வுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தத் தேர்வுப் பக்கம் ஒரு கருவியில்தான் திறக்கும் என்பதால் அவளால் போனிலும் சேர முடியவில்லை. அந்தப் பெண் பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, மன்னிக்கவும் என்று எழுத்தில் அனுப்பிவிட்டுப் போய்விட்டார். மறுபடி ஒரு நேரம் கொடுக்கும்படி அபிநயா இரண்டு மெயில் அனுப்பினாள். பதில் இல்லை.

மதியம் போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன், ஒன்பது தவறிய அழைப்பு. திரும்பக் கூப்பிட்டபோது மல்லிகாதான் எடுத்தாள்.

"அழுதுட்டுப் படுத்திருக்கா. இப்பப் பேசாதீங்க."

"கரண்டு போனதுக்கு நாம என்ன பண்றது?" என்றேன்.

அப்படித்தான் சொன்னேன்.

6

அந்த வாரம் வியாழக்கிழமை அவள் கூப்பிட்டாள். குரல் சாதாரணமாக இருந்தது.

"அப்பா, ஒன்னு கேக்கணும். அந்த மைக்குப் பிரச்சினைய நெட்டுல தேடுனேன். ஒரு ஃபைல்ல ஒரு லைன் போடணும்னு இருந்துச்சு. தொறந்து பாத்தா அந்த லைன் ஏற்கெனவே இருக்கு."

"ம்."

"முன்னாடி ஹேஷ் போட்டிருக்கு."

"ம்."

"அந்த ஹேஷ எடுத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணேன். மைக்கு வேல செய்யுது. நாலு தடவ பண்ணிப் பாத்துட்டேன்."

அறையில் யாரோ வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தார்கள்.

"மேல நீங்க தமிழ்ல எழுதிருக்கீங்க. நிரந்தரத் தீர்வு, மூன்று நாள் சோதித்தாயிற்றுன்னு. நீங்கதானப்பா எழுதுனது?"

"ஆமா."

"அப்பறம் ஏம்ப்பா ஹேஷ் போட்டீங்க?"

கேள்வி அவ்வளவுதான். பதிலும் சின்னதுதான். 'நீ கூப்பிட வேண்டும் என்று' என்றால் நாலே வார்த்தை. வாய் வரவில்லை.

"சோதிக்கறதுக்குப் போட்டது. எடுக்க மறந்துட்டேம்மா."

"நீங்க எதயும் மறக்க மாட்டீங்கப்பா. எல்லாத்தையும்தான் எழுதி வைக்கிறீங்களே" என்றாள். பிறகு, "சரி, வச்சுர்றேன்" என்றாள்.

7

அதற்குப் பிறகுதான் நான் முதலில் சொன்ன மூன்று வெள்ளிக்கிழமைகள்.

முதல் வெள்ளி, நெட்வொர்க் இருக்கிறதா என்று போனை இரண்டு தடவை அணைத்துப் போட்டேன். இரண்டாவது வெள்ளி, என் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த லினக்ஸை அழித்துவிட்டு வேறு ஒரு வகை லினக்ஸைப் போட்டேன். ஒரு தேவையும் இல்லை. போட்டு முடித்த பிறகு அது நன்றாகவே ஓடியது, அதனால் மறுபடி செய்ய ஒன்றுமில்லாமல் போனது. மல்லிகாவிடம் வாரத்தின் நடுவில் பேசுவேன். "காலேசுக்குப் போயிருக்கா", "தூங்குறா", "படிக்கிறா" என்பாள். ஒருநாள் அவளே சொன்னாள்: "நீங்க செஞ்சத எங்கிட்டச் சொல்லிட்டா. ஏங்க, புள்ளகிட்டப் பேசணும்னா பேச வேண்டியதுதான? அதுக்கு எதுக்குங்க மைக்க ஒடச்சு வச்சீங்க?"

மூன்றாவது வெள்ளியும் அப்படியே போனது; அதற்கு அடுத்த வாரம் என் இக்காமாவை, அதாவது இங்கே தங்குவதற்கான அனுமதியை, புதுப்பிக்க வேண்டியிருந்தது. அலுவலகத்தில் விரல் ரேகை எடுக்கிற கண்ணாடி என் விரல்களை ஏற்கவில்லை. செம்புக் கம்பி இழுத்து இழுத்து என் ரேகைகள் தேய்ந்துபோனவை. ஒவ்வொரு தடவையும் இது நடக்கும். அந்த ஊழியர் பொறுமையான ஆள், "மறுபடி, மறுபடி" என்று அரபியில் சொல்லிக்கொண்டே இருந்தார், ஏழாவது தடவை எடுத்தது. பிறகு ஒரு படிவம். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடலாம் என்று ஒரு கட்டம். இந்த நாட்டு எண் வேண்டும் என்பதால் வருடாவருடம் என் அறையில் இருக்கும் சவரிமுத்து அண்ணன் எண்ணைத்தான் எழுதுவேன். எழுதினேன். உறவு என்ற கட்டத்தில் 'நண்பர்' என்று எழுதும்போது, அவரிடம் நான் கடைசியாக எப்போது ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போலப் பேசினேன் என்று யோசித்தேன். ஞாபகம் வரவில்லை.

சவரிமுத்து அண்ணன் ஆவூர்க்காரர். எங்கள் கம்பெனியில் டிரைவர். அவர் நாள் தவறாமல் வீட்டுக்குப் பேசுவார், ஒரு மணி நேரம், அறை முழுக்கக் கேட்கும்படி. அன்று சாயங்காலம் அவர் பேசி முடித்ததும் நான் வலியப் போய்க் கேட்டேன்.

"அண்ணே, தெனமும் அப்படி என்னதான் பேசுறீங்க?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என்னப்பா ராசு, ஒனக்குப் பேச்சு வருமா? நான் அந்தப் பொட்டிதான் ஒனக்கு வாயின்னு நெனச்சேன்."

"சும்மா கேட்டேண்ணே."

"ஒன்னும் பேசறதில்ல தம்பி. இங்கிட்டுப் புழுதியடிக்குதுன்னு சொல்லுவேன், அங்கிட்டு மழையான்னு கேப்பேன். என்ன கொழம்புன்னு கேப்பேன். புளிக்கொழம்புன்னா நேத்தும் அதான வச்சன்னு சண்ட போடுவேன். அப்பறம் அவ ஒரு பாட்டம் திட்டுவா. ஒரு மணி நேரம் ஓடிப்போயிரும்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்? விசயம் இருந்தாத்தான் பேசணும்னா, அது ஆபீசுப்பா."

நாலாவது வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்கு நான் கூப்பிட்டேன். ஏழு வருடத்தில் அபிநயாவின் எண்ணுக்கு நானாகக் கூப்பிட்டது, அந்த ஒன்பது தவறிய அழைப்பு நாளைத் தவிர்த்தால், விரல்விட்டு எண்ணிவிடலாம். மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது எடுத்தாள்.

"என்னப்பா? எதுவும் அப்டேட் போடணுமா?"

"இல்ல."

"மைக்கு நல்லாருக்கு."

"தெரியும். அபி, நான் மறந்துட்டேன்னு சொன்னது பொய்யி."

பின்னால் மிக்ஸி ஓடி நின்றது.

"நீ கூப்புடணும்னுதான் அப்படிப் பண்ணேன். இன்டர்வியூக்கு முந்துன நாளும் அந்த ஃபைலத் தொறந்தேன். எடுத்திருக்கலாம். எடுக்கல."

"அன்னைக்குமா?" என்றாள்.

"அன்னைக்கும்தான்."

வைத்துவிடுவாள் என்று நினைத்தேன். வைத்திருந்தால் அது நியாயம்தான்.

"அந்த வேலயப் பத்தி இனிமே எங்கிட்டப் பேசாதீங்கப்பா" என்றாள். "எனக்கு இன்னும் கோவம் போகல."

"சரிம்மா."

எனக்குச் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. சவரிமுத்து அண்ணன் சொன்ன குழம்பும் மழையும் நினைவில் இருந்தன, ஆனால் எதில் தொடங்குவது என்று தெரியவில்லை.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"அப்பப் பேசுங்க."

"என்னத்தம்மா பேசுறது?"

அவள் கொஞ்சம் யோசித்தாள் போல. "எண்ணுங்க" என்றாள்.

"என்னது?"

"ஒன்னு ரெண்டுன்னு எண்ணுங்க. லெவல் பாக்கணும்."

கேலி செய்கிறாளா, கோபத்தில் சொல்கிறாளா என்று புரியவில்லை. இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, சின்னப் பையன் மாதிரி எண்ணினேன்.

"ஒன்னு. ரெண்டு. மூணு. நாலு."

"எண்ணாதீங்கப்பா" என்றாள். "எண்ணுனா எல்லாம் ஒரே சத்தமா வருது. சும்மா பேசுங்க."

அறையில் மற்ற மூன்று பேரும் இருந்தார்கள். சவரிமுத்து அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

"காலையில குபூஸ் ரொட்டி வாங்கப் போனேன்" என்றேன். "பக்காலாக் கடையில கூட்டம். எனக்கு முன்னாடி ஒரு ஆளு, தோள்ல ஒரு பூன…"

"பூனயா?"

"ஆமா, பூன. சாம்பக் கலரு. அவரு எங்க திரும்புனாலும் அதுவும் திரும்புது."

"ம்" என்றாள் அபிநயா. "இன்னும் கொஞ்சம்."